முதன்முதலாக ஒரு பழைய ஆம்ப் வாங்கும்போது

கேள்வி: எனக்கு இந்தத் துறை புதிது. 8 ஓம், 87 டெசிபல் என்று பின்னால் எழுதியிருக்கும் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கரும், எம்.எம். (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் போட்ட ஒரு டர்ன்டேபிளும் கைக்கு வந்திருக்கின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்க ஆசை. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, 1970களில் ஜப்பானுக்குள் விற்பதற்காகவே செய்த வெள்ளி முகப்பு ரிசீவர், அதாவது ரேடியோவும் சேர்ந்த ஆம்ப். கொள்ளை அழகு. 'இதுவரை திறக்கவே இல்லை' என்கிறார் விற்பவர். இரண்டாவது, என்.ஏ.டி. 3020. முகப்பு தேய்ந்திருக்கிறது, சர்வீஸ் செய்த பில் இருக்கிறது, ஆனால் 20 வாட்தான். மூன்றாவது, 1980களின் கடைசியில் வந்த கறுப்பு ஆம்ப், 100 வாட். 'ஒரு பக்கம் சில நேரம் போய்ப் போய் வரும், சின்ன விஷயம்தான்' என்றார்கள். நண்பர்கள் மூன்றாவதை வாங்கச் சொல்கிறார்கள். என் மனசு முதலாவதில் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். நேரில் போய், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து, தேறினால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். தேறாவிட்டால் மூன்றையும் விட்டுவிட்டுக் காத்திருங்கள். பழைய ஆம்ப் சந்தையில் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை.

இவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். முதல் முறை வாங்குகிறவர்கள் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வாட் என்றுதான் கேட்பார்கள். நாற்பது ஐம்பது வயதான பெட்டியைப் பொறுத்தவரை இந்தக் கேள்விகள் பாதி தூரம்தான் கூட வரும். ஒரே மாடலில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு ஆம்ப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அருமையாகப் பாடும். மற்றதில் ஒரு பக்கம் கரகரக்கும், இன்னொரு பக்கம் பாஸே வராது. எங்கே வைத்திருந்தார்கள், எத்தனை வருடம் சூட்டில் ஓடியது, யார் யார் கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் தலையெழுத்து மாறியிருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தப் பெட்டி இன்று எந்த நிலையில் இருக்கிறது? நாளைக்கே கெட்டுப்போனால் சாதாரணமாகக் கிடைக்கும் பாகங்களை வைத்துச் சரிசெய்ய முடியுமா? நீங்கள் சொன்ன மூன்றில், இந்த இரண்டுக்கும் நல்ல பதில் வைத்திருப்பது அந்தத் தேய்ந்த முகப்புதான்.

வாட் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். உங்கள் ஸ்பீக்கரில் 87 டெசிபல் என்றிருப்பதன் பொருள், ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் வரும் என்பது. ஒரு வாட்டுக்கே அவ்வளவு. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். நம் காதுக்கோ, ஏறக்குறைய 10 டெசிபல் கூடினால்தான் சத்தம் இரட்டிப்பானது போலத் தோன்றும். இந்தக் கணக்கில் 20 வாட் உங்கள் ஸ்பீக்கரை ஒரு மீட்டரில் 100 டெசிபல் வரை கொண்டுபோகும். 100 வாட் 107 வரை. ஐந்து மடங்கு வாட்டுக்கு வித்தியாசம் 7 டெசிபல்தான். சத்தம் இரட்டிப்புக்கூட ஆகாது. நீங்கள் உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். சின்ன அறையில் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும்போது ஆம்ப் பெரும்பாலான நேரம் ஒரு வாட்டுக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருக்கும். மிருதங்கத்தில் ஒரு ஓங்கிய அடி விழும்போது மட்டும் கண நேரத்துக்குப் பத்து, பதினைந்து வாட் கேட்கும்.

இன்னொன்று. எழுதியிருக்கிற எல்லா வாட்டும் ஒரே வாட் கிடையாது. 1960களில் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளுக்கொரு கணக்கில் எண்ணை ஊதிப் பெருக்கினார்கள். 1974இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேடு கமிஷன் விதி ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு சேனலும் ஓட, எத்தனை ஓமில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு தொடர்ந்து தர முடியும் என்பதைச் சொல்லித்தான் வாட்டை விளம்பரப்படுத்த வேண்டும் என்றது அந்த விதி. அதன் பிறகு வந்த நல்ல ஆம்ப்களின் எண்களை நம்பலாம். அதனால்தான் 1970களின் நடுவிலிருந்து வந்த 20, 30 வாட் ஆம்ப் ஒன்று, பிற்காலத்தில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் எழுதி விற்ற பிளாஸ்டிக் செட்டை அநாயாசமாக மிஞ்சுகிறது. தூக்கிப் பார்த்தாலே தெரியும்: கனம் முழுவதும் டிரான்ஸ்ஃபார்மரிலும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கிலும் இருக்கும்.

இனி 3020. 1978இல் வந்த ஆம்ப் இது. நார்வே நாட்டு எஞ்சினியர் எரிக் எட்வர்ட்சென் வடிவமைத்தது. பணம் குறைவாக வைத்திருக்கும் ரசிகர்களுக்காகவே செய்தார்கள். முகப்பில் பகட்டு எதுவும் கிடையாது. காசை சர்க்யூட்டில் போட்டிருந்தார்கள். உலகம் முழுக்க ஏராளமாக விற்றது. தொடர்ந்து தருவது 20 வாட் என்றாலும், இசையில் திடீரென்று எழும் உச்சங்களுக்குக் கண நேரத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு அருகே தரும்படி அமைத்திருக்கிறார்கள். பின்பக்கம் 'சாஃப்ட் கிளிப்பிங்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எந்த ஆம்பும் தன் எல்லையைத் தாண்டினால் ஒலி அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். காதுக்கு அது கீறலாகக் கேட்கும், ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைப் பாடும் சிறு பகுதியான ட்வீட்டருக்கும் ஆபத்து. இந்தச் சுவிட்சைப் போட்டால் அந்த வெட்டு மழுங்கலாக விழும். சிறிய ஸ்பீக்கரும் புதிய கையும் சேரும் இடத்தில் இது நல்ல பாதுகாப்பு. எனக்கு இதில் முக்கியமானது வேறு: உள்ளே இருப்பவை தனித்தனி டிரான்சிஸ்டர்கள், சாதாரண கெப்பாசிட்டர்கள், எளிய போர்டு. சர்வீஸ் மேனுவல் எளிதாகக் கிடைக்கிறது. பழகிய கை எதுவும் இதைச் சரிசெய்துவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பின்பக்கம் 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதிய சாக்கெட்டுகளை இணைத்தபடி வளைந்த உலோகத் துண்டுகள் இரண்டு சொருகியிருக்கும். முன்பகுதி சர்க்யூட்டிலிருந்து பவர் பகுதிக்கு ஒலி அந்தத் துண்டுகள் வழியாகத்தான் போகிறது. அவற்றில் பச்சையோ கறுப்போ ஏறினால் ஒரு பக்கம் செத்ததுபோல இருக்கும். ஆஃப் செய்துவிட்டு, பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகினால் உயிர் வந்துவிடும். துண்டே இல்லையென்றால் ஆம்ப் ஊமைதான். பலர் அதைத் தொலைத்துவிட்டு, ஆம்ப் கெட்டுவிட்டது என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அழுத்தும் சுவிட்சுகளிலும் அழுக்குச் சேரும். அந்த சர்வீஸ் பில்லை வாங்கிப் படியுங்கள். கெப்பாசிட்டர் மாற்றினார்களா, எவற்றை, பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்சாரம்) சரிபார்த்தார்களா என்று விவரமாக இருந்தால் அது மதிப்புள்ள காகிதம். 'ஜெனரல் சர்வீஸ்' என்ற ஒரே வரி மட்டும் இருந்தால் தூசி தட்டினார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் கறுப்பு ஆம்புக்கு வருவோம். அந்தக் காலத்து ஆம்ப் பலவற்றில் தனித்தனி பவர் டிரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக, ஹீட் சிங்கில் திருகிய ஒரே பட்டையான ஐ.சி. இருக்கும். எஸ்.டி.கே. என்று தொடங்கும் எண் போட்டவை இவற்றில் பிரபலம். சான்யோ கம்பெனி செய்தவை. ஓடும்வரை நன்றாகவே ஓடும். ஆனால் பல எண்களின் தயாரிப்பு நின்றுபோய் வெகு காலம் ஆகிறது. இன்று கிடைப்பவற்றில் போலி ஏராளம். போட்ட சில நிமிடத்தில் வெடிக்கும் போலிகளை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். உங்களுடைய ஆம்ப் அந்த வகையா என்று மாடல் எண்ணை வைத்து சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடலாம். அந்த வகை என்றால், அதுவும் ஒரு பக்கம் ஏற்கெனவே தகராறு என்றால், தொடாதீர்கள்.

'போய்ப் போய் வரும்' என்பது உண்மையிலேயே சின்ன விஷயமாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க வழி உண்டு. மெதுவான சத்தத்தில் ஒரு பக்கம் காணாமல் போய், வால்யூமைச் சற்று ஏற்றியதும் சட்டென்று திரும்பி வந்து நிலைத்தால், ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை ஆம்போடு இணைக்கும் தானியங்கிச் சுவிட்ச்) தொடுமுனையில் கறை படிந்திருக்கிறது என்று பொருள். ரிலே மலிவான பாகம். ஸ்பீக்கர் சுவிட்சையோ டேப் மானிட்டர் சுவிட்சையோ நாலைந்து முறை தட்டினால் வருகிறது என்றால் அந்தச் சுவிட்சில் அழுக்கு. வால்யூமுக்குச் சம்பந்தமில்லாமல், சூடேறியதும் சடசடப்போடு மங்குகிறது என்றால் நோய் ஆழத்தில் இருக்கிறது. இந்த வேறுபாடு தெரிந்த விற்பவர் சின்ன விஷயத்தைச் சரிசெய்துவிட்டு முழு விலைக்கே விற்றிருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் மனசு போன ரிசீவரைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காலத்து வெள்ளி முகப்பு ரிசீவர்கள் எனக்கும் மிகப் பிடித்தவை. கனத்த அலுமினியக் குமிழை உருட்டும்போது கையில் கிடைக்கும் அந்த அழுத்தம், இருட்டில் ஒளிரும் டயல், எல்லாம் உண்மையான அழகு. 1970களின் கடைசியில் பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று முந்தப் போட்டி போட்டன. பயனியர் 1978இல் கொண்டுவந்த எஸ்.எக்ஸ். 1980 ரிசீவர் சேனலுக்கு 270 வாட். அந்தப் பொற்காலத்தின் வாரிசு உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் முதல் பெட்டியாக அதை வாங்க வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள்.

ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்பதற்காகச் செய்த ஆம்புக்கு டிரான்ஸ்ஃபார்மரும் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு மட்டும்தான் இருக்கும். 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நொடியே புகை. 120 வோல்ட்டில் சொருகினால் ஓடும். ஆனால் உள்ளே எல்லா இடத்திலும் ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் கூடும், வயதான கெப்பாசிட்டர்கள் அதைத் தாங்காது. தகுதியான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். ஆம்பின் பின்பக்கம் எழுதியிருக்கும் மின் நுகர்வுக்கு ஒன்றரை மடங்காவது தாங்குவதாக இருக்க வேண்டும். அந்தச் செலவு விற்பவர் சொல்லும் விலையில் சேராது. எந்த நாட்டு ஆம்பாக இருந்தாலும் பின்பக்கத் தகட்டில் வோல்ட் எண்ணைப் படிக்காமல் சொருகாதீர்கள். சிலவற்றில் வோல்ட் மாற்றும் திருகு இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அதன் எஃப்.எம். ரேடியோ. அக்காலத்து ஜப்பானிய எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பெரும்பாலான பிற நாடுகளில் ஏறக்குறைய 88 முதல் 108 வரை. ரிசீவர் என்பதற்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு, டயலின் ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு நிலையம் கிடைத்தால் உண்டு.

மூன்றாவது காரணம் 'திறக்கவே இல்லை' என்பதுதான். விற்பவர் பெருமையாகச் சொன்னாலும் என் காதில் அது எச்சரிக்கையாகத்தான் விழுகிறது. மின்பகு கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் ஈரம் காலப்போக்கில் உலரும். ஓடாமல் பல வருடம் கிடந்தால் அதன் உள்படலமும் பலவீனப்படும். 1970களின் போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் அசையாமல் இருக்க ஒரு பசை வைப்பார்கள். வைத்தபோது வெளிர் நிறமாக இருந்த அது, வருடக்கணக்கில் சூடு பட்டுக் கரும்பழுப்பாகும். ஆனதும் மின்சாரத்தைக் கடத்தவும், பக்கத்தில் இருக்கும் பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்கிவிடும். அதைச் சுரண்டி எடுத்து, அரிபட்டவற்றை மாற்றுவது பொறுமை வேண்டும் வேலை. அக்காலத்துச் சிறிய சிக்னல் டிரான்சிஸ்டர்களில் சில எண்கள், 2எஸ்.சி.458 போன்றவை, வயதானதும் சடசடவென்று இரைவதற்குப் பேர்போனவை. பாகங்கள் எல்லாம் கிடைக்கும், வேலையும் செய்யக்கூடியதுதான். ஆனால் கூலியையும் சேர்த்தால் வாங்கிய விலையைத் தாண்டலாம். இரண்டாவது ஆம்பாக, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அமைந்த பிறகு, அப்படி ஒன்றை எடுத்துப் புதுப்பியுங்கள்.

சரி, 3020ஐப் பார்க்கப் போகிறீர்கள். 'நான் வருவதற்கு முன் போட்டுவைக்காதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து அது எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும். கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஹெட்ஃபோன், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர், உங்களுக்கு நன்றாகப் பழகிய நாலு பாட்டு, இவை போதும்.

ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஸ்பீக்கர் சாக்கெட்டின் மைனஸிலும் சிவப்பை ப்ளஸிலும் தொடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. ஒலி எதுவும் போகாதபோது ஸ்பீக்கர் முனையில் டி.சி. மின்னழுத்தம் இருக்கவே கூடாது. நடைமுறையில் கொஞ்சம் இருக்கும். பத்து நிமிடம் கழித்து 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மிக நன்று. 50 வரை பரவாயில்லை. 100ஐத் தாண்டினால் சரிசெய்த பிறகே வாங்க வேண்டும். மீட்டர் சில வோல்ட் காட்டினால் அவுட்புட் பகுதி போய்விட்டது. அதில் ஸ்பீக்கரை மாட்டினால் அதன் கம்பிச்சுருள் எரிந்துவிடும். ஆன் செய்து சில நொடிக்குப் பிறகு 'டிக்' என்று ரிலே விழும் ஆம்ப்களில், இப்படிப்பட்ட கோளாறு இருந்தால் ரிலே விழாமலே நின்று ஸ்பீக்கரைக் காப்பாற்றும். எல்லா ஆம்பிலும் அந்தக் காவல் கிடையாது. ஆகவே இந்த ஒரு சோதனையை யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

மீட்டர் நல்ல எண் காட்டினால், ஆஃப் செய்துவிட்டுப் பழைய ஸ்பீக்கரை மாட்டுங்கள். பாட்டு எதுவும் போடாமல் காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். வால்யூமை எங்கே திருப்பினாலும் ஒரே அளவில் 'ம்ம்ம்' என்று இரைந்தால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கலாம். வால்யூமோடு சேர்ந்து இரைச்சல் ஏறி இறங்கினால் கேபிளையோ இன்புட் பக்கத்தையோ சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் எளிதில் தீரும். பிறகு பாட்டு. முதலில் மிக மெதுவாக. இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்க மெதுவான சத்தமே சரி. உரக்க வைத்தால் எல்லாக் குறையும் மறைந்துவிடும். ஒவ்வொரு குமிழையும் முழுவதுமாகத் திருப்புங்கள், ஒவ்வொரு சுவிட்சையும் தட்டுங்கள். கரகரப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். சுத்தம் செய்தால் போய்விடும். அதைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைக்கக் கேட்கலாம்.

இந்த இடத்தில் பலர் ஏமாறும் ஒரு சங்கதி. 'சத்தமே வரவில்லை, செத்துப்போன ஆம்ப்' என்று பலர் மலிவாக விற்பதற்கும், வாங்குகிறவர் வெறுங்கையோடு திரும்புவதற்கும் அடிக்கடி காரணமாக இருப்பது டேப் மானிட்டர் பொத்தான். கேசட் டெக் இருந்த காலத்து வசதி அது. அழுத்தியிருந்தால் ஆம்ப் டெக்கிலிருந்து வரும் ஒலியை மட்டுமே எதிர்பார்க்கும்; மற்ற எதைப் போட்டாலும் மௌனம்தான். அதை வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஃபோனோ இன்புட்டை மறக்காமல் சோதியுங்கள், முடிந்தால் உங்கள் டர்ன்டேபிளையே கொண்டுபோய். நீங்கள் பழைய ஆம்ப் வாங்குவதில் கிடைக்கும் பெரிய லாபமே அங்கேதான் இருக்கிறது. எம்.எம். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டும். தவிரவும், ரெக்கார்டில் பாஸைக் குறைத்தும் டிரெபிளைக் கூட்டியும்தான் வெட்டியிருப்பார்கள். 1954இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்குப்படி அதைத் திருப்பிச் சமன்செய்ய வேண்டும். இரண்டையும் செய்யும் சர்க்யூட் அந்தக் காலத்து ஆம்ப்களில் கூடவே வரும், நல்ல தரத்திலும் வரும். இன்றைய மலிவு ஆம்ப் பலவற்றில் அது இல்லாததால் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருக்கும்.

அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். பிறகு மேல்தட்டில் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. கையை வைக்க முடியாத சூடும், ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் சில்லிட்டிருப்பதும் சரியில்லை; பயாஸ் கெட்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, விற்பவர் சம்மதித்தால் மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். கை வைக்க வேண்டாம். பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். தலை உப்பிய கெப்பாசிட்டர், கருகிப்போன போர்டு, நான் சொன்ன கரும்பழுப்புப் பசை, எரிந்த வார்னிஷ் வாடை, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஈயத்தாளோ கம்பியோ சுற்றியிருந்தால் உடனே கிளம்பிவிடுங்கள். அதைச் செய்தவர் வேறு என்னவெல்லாம் செய்திருப்பார் என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

பல வருடம் பரணில் கிடந்த ஆம்ப் என்றால் நேராகச் சுவரில் சொருகவே கூடாது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய இழை பல்பு ஒன்றை மின் இணைப்பில் தொடராகச் சேர்த்து ஆன் செய்வார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால் மின்சாரத்தைப் பல்பு தாங்கிக்கொண்டது, டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையில் இருப்பதை முழுவதும் ஆம்புக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை சர்வீஸுக்கு ஒதுக்கி வையுங்கள். சர்வீஸ் பில் விவரமாக இருந்து, சோதனையிலும் தேறினால் அந்தப் பங்கை கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நல்ல ஸ்டைலஸுக்கு (ஊசிக்கு) செலவிடலாம். நீங்கள் கேட்கப்போகும் ஒலியில் அது கொண்டுவரும் மாற்றம் பெரிது. ஆம்பை எடுத்துவந்ததும் எல்லாக் கெப்பாசிட்டரையும் கண்மூடித்தனமாக மாற்றுவதும் வேண்டாம். அளந்து பார்த்து, கெட்டதையும் கெடப்போவதையும் மாற்றினால் போதும். மலிவான போலிக் கெப்பாசிட்டர்களைவிட நாற்பது வருடத்து நல்ல கெப்பாசிட்டர் எவ்வளவோ மேல்.

3020 கைநழுவிப் போனால் அதே குணமுள்ளவை வேறு உண்டு. பயனியரின் எஸ்.ஏ. வரிசை, யமஹாவின் சி.ஏ. வரிசை, ரோட்டலின் ஆர்.ஏ. வரிசை ஆகியவற்றின் சிறிய மாடல்களைத் தேடுங்கள். சேனலுக்கு 30 வாட் தரும் மராண்ட்ஸ் 1060 அருமையான ஆம்ப், ஆனால் அந்தப் பெயருக்காகவே விலை ஏறிக் கிடக்கிறது. சான்சுயி ஏ.யூ. 717 போன்ற புகழ்பெற்றவற்றுக்கும் அதே கதை. 1967இல் வந்த குவாட் 303ஐப் போல, முன்பகுதியும் பவர் பகுதியும் தனித்தனிப் பெட்டியாக இருப்பவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்தக் குவாடின் சாக்கெட்டுகளே வேறு, கேபிள் தேடியே அலுத்துவிடும். வால்வு ஆம்ப் பக்கமே போக வேண்டாம். உள்ளே சில நூறு வோல்ட் நிற்கும் பெட்டி, கற்றுக்கொள்ளும் கைக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்த பிறகு. ஸ்பீக்கர் ஒயரின் முனையைச் சீவும்போது எல்லா இழையையும் முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீளாதபடி சொருகுங்கள். ப்ளஸும் மைனஸும் ஒரு மயிரிழையில் தொட்டாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்; மேசைக்கு வரும் ஆம்ப்களில் இப்படிச் செத்தவை நிறைய. ஒயரைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்யுங்கள். ஆம்பின் மேல் டர்ன்டேபிளையோ வேறு எதையுமோ வைக்காதீர்கள், மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்பின் பின்னால் ஜி.என்.டி. என்றிருக்கும் திருகில் மாட்டினால் இரைச்சல் அடங்கும்.

ஃபோனிலிருந்து பாட்டுப் போட ஆக்ஸ் அல்லது டியூனர் இன்புட்டைப் பயன்படுத்துங்கள். ஃபோனோவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், காது கிழியும். அக்காலத்து ஆக்ஸ் இன்புட்டுகள் 150 மில்லிவோல்ட் வந்தாலே முழுச் சக்தியும் கொடுக்கும்படி அமைந்தவை, இன்றைய சி.டி. பிளேயரும், டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் டாக் பெட்டிகளும் 2 வோல்ட் வரை அனுப்புகின்றன. அதனால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் அள்ளிக்கொண்டு வரும். ஆம்ப் அபாரச் சக்தி வாய்ந்தது என்று அதற்குப் பொருளில்லை. குமிழின் ஆரம்பப் பகுதியில் இரண்டு சேனலும் சரியாகச் சமப்படாது என்பதால், ஃபோனின் சத்தத்தைக் குறைத்து, ஆம்பின் குமிழ் பத்து, பதினொரு மணி நிலைக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கரகரக்கும் குமிழ்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் காண்டாக்ட் கிளீனர்தான் மருந்து. துருவுக்கு அடிக்கும் டபிள்யூ.டி. 40 ஸ்ப்ரேயை அடித்துவிடாதீர்கள். குமிழின் உள்ளே இருக்க வேண்டிய கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் இறங்க நேரம் கொடுத்து, குமிழின் பின்னால் இருக்கும் சிறு துவாரத்தில் ஒரு சொட்டு அடித்து, இருபது முப்பது முறை முழுவதுமாகத் திருப்புங்கள். முகப்பில் துளி பட்டாலும் எழுத்து அழியக்கூடும், துணியால் மறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் காயவிட்டு ஆன் செய்யலாம்.

போய்ப் பார்த்துவிட்டு வந்ததும், மீட்டர் இரண்டு பக்கமும் காட்டிய மில்லிவோல்ட்டையும் சர்வீஸ் பில்லில் எழுதியிருப்பதையும் எனக்கு எழுதுங்கள். வாங்கிய பிறகு என்னென்ன வேலை பாக்கி இருக்கும் என்பதை அவற்றை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.